நிமிஷத்துக்கு ஐம்பத்தெட்டு

ஐம்பத்தெட்டு. சோலையப்பன் இடது மணிக்கட்டிலிருந்து மூன்று விரல்களையும் எடுத்தார், சட்டைப் பையிலிருந்த நீள நோட்டை முழங்காலில் வைத்துத் திறந்தார், காலை 7.52 என்று எழுதி அதற்கு நேரே 58 என்று எழுதினார். விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு வத்தலக்குண்டில், வீட்டில், எண்ணியது ஐம்பத்தேழு. ஒன்று கூடியிருக்கிறது. ஒன்று கூடினால் ஒன்றுமில்லை, ஆஸ்பத்திரி மாடிக்கு ஏறி வந்திருக்கிறோம், பதினெட்டுப் படி, நடுவில் ஒரு திருப்பம். படிக்குக் கொஞ்சம், பயத்துக்குக் கொஞ்சம் என்று பார்த்தால் இன்னும் கூடியிருக்க வேண்டும், கூடவில்லை. ஐம்பத்தைந்துக்கும் அறுபதுக்கும் நடுவில் நிற்கட்டும் என்று டாக்டரம்மா சொல்லிப் பதின்மூன்று மாதம். அதற்கு மேல் போனால் மாத்திரை போதவில்லை என்று அர்த்தம், கீழே இறங்கினால் கூடுதல் என்று அர்த்தம். நடுவில் ஆறே எண்கள். அந்த ஆறு எண்களுக்குள்தான் சோலையப்பன் குடியிருந்து வருகிறார். "இப்பத்தானே வீட்டுல எண்ணுனீங்க? அதுக்குள்ள அது எங்க ஓடிப்போகப் போகுது?" என்றாள் பக்கத்தில் இருந்த இந்திராணி. மடியில் துணிப்பை, பையில் பிளாஸ்க், பிளாஸ்க்கில் பால் இல்லாத கஞ்சி. முடிந்ததும் குடிக்க. முடிந்ததும் என்றால் எது முடிந்ததும்? எதிரே சாத்தியிருக்கிற பச்சைக் கதவுக்குப் பின்னால் தொண்டை வழியாக ஒரு குழாயை விட்டு, அதன் நுனியில் இருக்கும் கேமராவால் உணவுக்குழாயின் சுவரைப் பார்ப்பார்கள். போன வருஷம் அங்கே ரத்தக்குழாய்கள் புடைத்து நின்றன. வெடித்தது ஒன்று, வெடிக்கக் காத்திருந்தவை மூன்று. அவற்றின் கழுத்தில் ரப்பர் வளையம் மாட்டிச் சுருக்கினார்கள், இரண்டு தடவை. அதற்குப் பிறகு இத்தனை மாதமும் மாத்திரைதான் காவல். காவல் சரியாக இருந்ததா, மறுபடி புடைத்திருக்கிறதா என்று இன்றைக்குத் தெரியும். டோக்கன் ஒன்பது. உள்ளே போயிருப்பது மூன்று. ஆளுக்குப் பதினைந்து நிமிஷம் என்றால் ஒன்பதே கால், சுத்தம் செய்கிற நேரத்தையும் சேர்த்தால் ஒன்பதரை. ஒன்பதரை என்று வைத்துக்கொள்வோம்.

அது பிரஷர் மாத்திரை. அவருக்கு பிரஷர் கிடையாது. அன்றும் இல்லை, இன்றும் இல்லை. இதைச் சொந்தக்காரர்களுக்கு விளங்க வைப்பதற்குள் இந்திராணிக்கு வாய் வலித்துப் போகும். "பிரஷர் இல்லாதவனுக்கு பிரஷர் மாத்திரை, நல்ல டாக்டர் போ" என்பான் அவளுடைய தம்பி. முதல் தடவை எழுதிக் கொடுத்தபோது சோலையப்பனுக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. கேட்கத்தான் வாய் வரவில்லை. எட்டாம் வகுப்போடு நின்றவன் டாக்டரை என்ன கேட்பது? அவர் முகத்தைப் பார்த்து டாக்டர் ரெஹானாவே ஒரு வெள்ளைத் தாளை இழுத்துப் படம் போட்டார். "அய்யா, கையில பட்டை கட்டி அளக்குறது ஒரு பிரஷர். இது வேற. நீங்க சாப்பிடுற சாப்பாட்டுச் சத்தையெல்லாம் எடுத்துக்கிட்டு குடல்லேர்ந்து வர்ற ரத்தம் பூராவும் ஒரே ஒரு பெரிய குழாய் வழியாத்தான் கல்லீரலுக்குள்ள நுழையணும். உங்க கல்லீரல் தழும்பு விழுந்து இறுகிப்போச்சு. உள்ள நுழைய முடியாம ரத்தம் வாசல்லயே தேங்குது. தேங்குனா சும்மா இருக்குமா? சந்து பொந்து வழியாச் சுத்திக்கிட்டுப் போகும். உணவுக்குழாய்ல இருக்குற மெல்லிசான குழாய்தான் அந்தச் சந்து. அது தாங்காம வெடிச்சிருச்சு. கல்லீரலை என்னால பழையபடி ஆக்க முடியாது. ஆனா இந்த மாத்திரை நெஞ்சோட வேகத்தைக் குறைக்கும், குடலுக்குப் போற ரத்தத்தையும் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கும். அப்ப கல்லீரல் வாசலுக்கு வர்ற ரத்தமே குறையும்." சோலையப்பன் தலையாட்டினார். வெளியே வந்து படியில் கால் வைக்கும்போதுதான் அது அவருக்குப் பளிச்சென்று விளங்கியது. பெரியகுளம் ரோட்டில் பாலம் உடைந்த வருஷம். வண்டிகளெல்லாம் பூ மார்க்கெட் சந்துக்குள் திரும்பின. லாரியும் பஸ்ஸும் உரசி உரசிப் போய் நாலாம் நாள் ஒரு வீட்டுச் சுவர் இடிந்து விழுந்தது. பாலம் கட்ட ஆறு மாதம் ஆகும். என்ன செய்தார்கள்? புறப்படுகிற வண்டியைக் குறைத்தார்கள். பத்து நிமிஷத்துக்கு ஒன்று போனதை இருபது நிமிஷத்துக்கு ஒன்று என்று ஆக்கினார்கள். அதற்கப்புறம் ஒரு செங்கல் விழவில்லை. அந்த ஆறு மாதமும் எந்த வண்டி எந்த நிமிஷம் கிளம்பியது என்று குறித்து வைத்தவர் யார்? இவர்தான். வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் முப்பத்தோரு வருஷம் டைம் கீப்பர். அதைப் போய் டாக்டரம்மாவிடம் சொல்லியிருக்கலாம். அம்மா, நீங்கள் சொல்வது எனக்குப் புரிகிறது, வண்டியைக் குறைத்து விடுகிறீர்கள், அவ்வளவுதானே? சொல்லவில்லை. பதின்மூன்று மாதமாகச் சொல்லவில்லை. ஒவ்வொரு தடவையும் நாக்கு நுனி வரைக்கும் வரும், அங்கேயே பிரேக் பிடித்து நின்றுவிடும்.

"அண்ணே, எத்தனை வருசமா?" என்றார் இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர். டோக்கன் எட்டு, கொத்தனார் கை, நகக்கண்ணில் சிமெண்ட். எத்தனை வருஷமாக என்றால் எது? சோலையப்பன் விழித்தார். கொத்தனார் கட்டைவிரலை வாய்க்குக் காட்டிச் சரித்தார். "சரக்குண்ணே. எனக்கு இருபத்திரெண்டு வருசம். உங்களுக்கு?" இப்படிக் கேட்பதில் இது ஆறாவது ஆள். நோட்டில் எழுதவில்லையே தவிரக் கணக்கு மனசில் இருக்கிறது: இரண்டு பேர் ஆஸ்பத்திரியில், ஒருவர் ஸ்கேன் எடுக்கும் இடத்தில், இரண்டு பேர் சொந்தக்காரர்கள், இப்போது இவர். கல்லீரல் என்றாலே ஊர் கட்டைவிரலைச் சரிக்கிறது. ஒரு சொட்டு தொட்டதில்லை என்று சொன்னால் ஒரு மாதிரி சிரிப்பார்கள், எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள் என்கிற சிரிப்பு. அந்தச் சிரிப்புக்குப் பயந்தே அவர் ஒன்றும் சொல்வதில்லை. இன்றைக்கு, ஏனோ, "டீ" என்றார். கொத்தனார் காதைக் கொண்டுவந்தார். "என்னது?" "டீங்க. ஒரு நாளைக்குப் பதினாலு. முப்பத்தோரு வருசம்." உண்மை அது. சுகரும் கொழுப்பும் சேர்ந்து உள்ளுக்குள்ளேயே அரித்திருக்கிறது என்றுதான் டாக்டரம்மா சொன்னார். சுகர் எங்கிருந்து வந்தது? டைம் கீப்பர் கூண்டுக்கு வண்டி வந்ததும் கண்டக்டர் இறங்கி, கையில் ஒரு டீயோடுதான் கையெழுத்துக்கு வருவான். லேட்டாக வந்தவன் கையில் டீயோடு வடையும் இருக்கும். மூன்று நிமிஷம் முன்னே பின்னே போட்டுக்கொள்ளுங்கள் என்பதற்கு அந்த டீ. வேண்டாம் என்று சொல்ல அவருக்குக் கூச்சம். நிமிஷத்தை மாற்றி எழுத மனசு வராது. அதனால் டீயைக் குடிப்பார், சரியான நேரத்தை எழுதுவார். ஆடை மிதக்க, மூன்று கரண்டி சர்க்கரை. "டீயக் குடிச்சிட்டும் லேட்டுன்னு போடுறாரே, இவரு மனுசனா கடிகாரமா" என்று முனகிக்கொண்டே போவார்கள். ஊமைக் கடிகாரம், அதுதான் அவர்கள் வைத்த பெயர். மற்ற ஊர்களில் டைம் கீப்பர் என்றால் கத்துவார்கள், தட்டுவார்கள், விசில் அடிப்பார்கள், ஏய் எடு எடு. இவர் கூண்டுக்கு வெளியே வந்து டிரைவரைப் பார்த்து மணிக்கட்டை விரலால் ஒரு தட்டு தட்டுவார். அவ்வளவுதான். முப்பத்தோரு வருஷத்தில் ஒரு வண்டியையும் சத்தம் போட்டு எடுக்கச் சொன்னதில்லை. யாராவது தன்னைத் திரும்பிப் பார்த்தாலே நெஞ்சு மத்தளம் அடிக்கும். அந்த மத்தளத்துக்கு நடுவில் எங்கே குரல் எழும்பும். "டீயா!" என்று கொத்தனார் தொடையில் தட்டினார். "அடக் கடவுளே. இது தெரிஞ்சிருந்தா நானும் டீயவே குடிச்சிருப்பேன், பொண்டாட்டிகிட்ட ஏச்சாவது மிச்சமாயிருக்கும்." இந்திராணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். சோலையப்பனும் சிரித்தார். சிரித்துவிட்டு, இந்தப் பேச்சை நாம் பேசினோமா என்று யோசித்தார். நெஞ்சு அடித்துக்கொள்ளவில்லை.

ஐந்து உள்ளே போயிற்று. 8.31. ஐந்து என்றால் இன்னும் நான்கு. தொண்டை வறள்கிறது, ராத்திரி ஒன்பதுக்குப் பிறகு மாத்திரை விழுங்கிய இரண்டு மடக்குத் தண்ணீர் தவிர வேறில்லை, மாத்திரையை மட்டும் விடக்கூடாது என்று சிஸ்டர் போனில் இரண்டு தடவை சொன்னாள். வறண்ட தொண்டையில் அந்த ருசி வருகிறது, இல்லை, வரவில்லை, நினைப்புதான். செல்லாத சில்லறையை நாக்கில் வைத்த மாதிரி ஒரு இரும்பு ருசி. வராதே. அன்றைக்கும் இப்படித்தான், வறட்சி, பிறகு அந்த ருசி, பிறகு வயிற்றிலிருந்து ஒரு வெதுவெதுப்பு ஏறி வந்தது, ஏதோ நல்லது வருகிற மாதிரி மெதுவாக வந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் காலையில் ஒரு மணி நேரம் கூண்டுக்குப் போய் உட்காருவது வழக்கம். 9.20 கொடைக்கானல் வண்டி வந்து நின்றது. எழுந்து பார்த்தார். அப்படியே கூண்டின் முன்பலகை மேல், வருகைப் பதிவேட்டின் மேல், எல்லாம் சிவப்பு. இவ்வளவா? ஒரு மனுஷனுக்குள் இவ்வளவா இருந்தது? வண்டியில் இருந்த அத்தனை பேரும் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். ஐம்பத்திரண்டு சீட், நின்றவர்கள் பத்துப் பதினைந்து. அத்தனை கண்ணுக்கும் முன்னால், முப்பத்தோரு வருஷம் திறக்காத வாய் திறந்து, வந்தது பேச்சில்லை. அதன் பிறகு அவர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போகவில்லை. பஸ்ஸில் ஏறவில்லை. இந்திராணி விடவும் இல்லை, அவருக்கும் தைரியமில்லை. வண்டி குலுங்கும்போது அது மறுபடி வந்தால்? அத்தனை கண்ணும் மறுபடி திரும்பினால்? மருந்து வாங்கக்கூட அடுத்த தெருவரைக்கும்தான். இன்றைக்கு மதுரை வந்தது வாடகைக் காரில், பின் சீட்டில் ஒரு பிளாஸ்டிக் வாளியை வைத்துக்கொண்டு. மகள் கோயம்புத்தூரிலிருந்து சொல்லிவிட்டாள்: இந்தத் தடவையும் புடைத்திருந்தால் வீட்டைப் பூட்டிக்கொண்டு இங்கே வந்துவிட வேண்டும், நாலாவது மாடி, லிஃப்ட் இருக்கிறது, கீழே இறங்கவே வேண்டாம். அன்பாகத்தான் சொன்னாள். நாலாவது மாடியில் உட்கார்ந்துகொண்டு எதை எண்ணுவது? சரியாக இருந்தால் பஸ்ஸில் போவேன். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. நோட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறார்: நன்றாக இருந்தால், பஸ். அவ்வளவுதான்.

நன்றாக இருக்குமா? பதினொரு நாள் இருக்கிறதே. பதினொரு நாள், இருபத்திரண்டு மாத்திரை. சுற்றிச் சுற்றி மனசு அங்கேதான் போய் இடிக்கிறது. ஆடி மாதம், வழக்கமாக வாங்குகிற கடையில் அட்டையை வெட்டிக் கொடுத்தார்கள், பெயர் இருக்கிற பக்கம் கடையிலேயே தங்கிவிட்டது. அதே வெள்ளை, அதே சின்ன வட்டம், கொஞ்சம் தடிமன். "கம்பெனி மாறியிருக்குண்ணே" என்றார் கடைக்காரர். கம்பெனி மாறும், மாறாமல் இருக்குமா. இரண்டாம் நாள் அறுபத்திரண்டு. மூன்றாம் நாள் அறுபத்தெட்டு. நான்காம் நாள் எழுபத்தொன்று. அப்போது அவர் எதைச் சந்தேகப்பட்டார்? கடிகாரத்தை. இதை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. கடிகாரம் மெதுவாக ஓடினால் அதன் ஒரு நிமிஷம் நீளும், நீண்ட நிமிஷத்தில் துடிப்பு கூடுதலாக விழும், கணக்கு சரிதான், கணக்கில் குற்றமில்லை. புது பேட்டரி போட்டார். ரேடியோவில் மணி சொல்லும்போது வைத்துப் பார்த்தார். இரண்டு நாள் பார்த்தார். கடிகாரம் ஒரு நொடி பிசகவில்லை. எழுபத்து நான்கு. பிறகு விரலைச் சந்தேகப்பட்டார். கட்டைவிரலுக்கும் ஒரு துடிப்பு உண்டு, அது கலந்துவிடுகிறதோ? கழுத்தில் வைத்து எண்ணினார். இந்திராணியை எண்ணச் சொன்னார். "எழுபத்தஞ்சு. நல்லாத்தான அடிக்குது, அதுக்கென்ன இப்ப?" நல்லாத்தான் அடிக்கிறது, அதுதான் கோளாறு. கணுக்காலும் வீங்கி, காலுறை இறுகிய இடம் பள்ளமாக நின்றது. முப்பத்தோரு வருஷம், வண்டி லேட்டானால் வண்டியைத்தான் சந்தேகப்பட்டோம், கடிகாரத்தை ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை. தன் உடம்பு என்று வந்ததும் புத்தி தலைகீழாகிவிட்டது. டாக்டர் கொடுத்தது தப்பாகாது, கடையில் கொடுத்தது தப்பாகாது, தப்பு என்றால் அது நம்மிடம்தான் இருக்கும். பதினோராம் நாள் காலை எழுபத்தாறு. பழைய காலி அட்டையையும் புதிய அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். புதியதின் ஓரத்தில் வெட்டுப்பட்டது போக ஒரே ஓர் ஆங்கில எழுத்து மிச்சம். பழைய பெயரில் அந்த எழுத்தே இல்லை. கடைக்குப் போனார். இருபது நிமிஷம் ஓரமாக நின்றார், கூட்டம் குறையட்டும் என்று. இரண்டு அட்டையையும் கல்லாப் பலகையில் வைத்தார். "ஓ, அதுவா? அது வரத்து இல்லண்ணே. இதுவும் பிரஷர் மாத்திரைதான், அதவிட நல்லது, புதுசு. வேணும்னா பாப்போம்" என்று பட்டையைக் கட்டி அளந்தே காட்டினார். "நூத்திப்பத்து எழுபது. தங்கமா இருக்கு. இதுக்கு மேல என்ன வேணும்?" கையில் தங்கமாக இருக்கிறது. கல்லீரல் வாசலில்? அந்தப் பட்டைக்கு அது தெரியாது. இந்த மாத்திரை கையின் பிரஷரைத்தான் இறக்கும், நெஞ்சைத் தடுக்காது. வண்டிகள் எழுபத்தாறும் புறப்பட்டுக்கொண்டிருந்தன, பூ மார்க்கெட் சந்துக்குள், உரசி உரசி. இதையெல்லாம் சொல்லத் தெரியவில்லை. அட்டைகளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அன்று மத்தியானமே இந்திராணியைத் திண்டுக்கல்லுக்கு அனுப்பிப் பழைய மாத்திரையை வாங்கிவரச் செய்தார், "இங்க இல்லையாம்" என்று மட்டும் சொல்லி. ஐந்தாம் நாள் அறுபதுக்கு வந்தது, ஏழாம் நாள் ஐம்பத்தெட்டு. டாக்டரம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. சொல்லியிருக்க வேண்டும். எப்படிச் சொல்வது? அந்தப் பதினொரு நாளில் அது புடைத்துக்கொண்டிருந்தால், பிறகு இறங்கியிருக்குமா? அப்படியே நிற்குமா? வளையம் போட்ட இடம் தாங்கியதா?

"ஒன்பது! சோலையப்பன்! யாருங்க சோலையப்பன்?" 9.34. நான்கு நிமிஷம் பிசகு. எழுந்தார். இந்திராணி அவர் கையைப் பிடித்து அழுத்தினாள், நோட்டை வாங்கிக்கொள்ள வந்தாள், அவர் கொடுக்கவில்லை. உள்ளே குளிர். சிஸ்டர் ஜெசிந்தா வாயைத் திறக்கச் சொல்லித் தொண்டையில் கசப்பாக எதையோ பீய்ச்சினாள், நாக்கு தடித்தது, தொண்டை தன்னுடையதில்லை என்று ஆயிற்று. இடது பக்கமாகப் படுங்கள். பல்லுக்கு நடுவில் பிளாஸ்டிக் வளையம். விரல் நுனியில் ஒரு கிளிப்பை மாட்டியதும் ஓர் இயந்திரம் பீப் பீப் என்று கத்த ஆரம்பித்தது. அவருடைய நெஞ்சு. அறை முழுக்கக் கேட்கும்படி அவருடைய நெஞ்சு. கூச்சத்தில் கண்ணை மூடிக்கொண்டார். கறுப்புக் குழாய் உதட்டைத் தாண்டியது, குமட்டியது, கண்ணில் நீர் கட்டியது, "முழுங்குங்க அய்யா, முழுங்குங்க, அவ்வளவுதான்" என்று டாக்டரம்மாவின் குரல். பயம் வந்தது. வாளி நிறைய வந்தது. வெடித்துவிடும், குழாய் உரசி வெடித்துவிடும், இத்தனை பேருக்கு முன்னால், வெள்ளைத் துணி மேல். பீப். பீப். எண்ணு. அவர் எண்ண ஆரம்பித்தார், கடிகாரம் இல்லாமல், ஆயிரத்தொன்று ஆயிரத்திரண்டு என்று நொடியையும் துடிப்பையும் இரண்டு தண்டவாளமாக ஓட்டினார், அது அவருக்குக் கைவந்த வேலை. நொடியும் துடிப்பும் ஏறக்குறைய ஒன்றாகவே போயின. ஒன்றையொன்று முந்தவில்லை. அப்படியென்றால் அறுபது. பயம் இவ்வளவு இருக்கிறது, அறுபதுதான் அடிக்கிறதா? கண்ணைத் திறந்து பார்த்தார். திரையில் பச்சை எழுத்தில் 61. உள்ளே பயம் கதவை இடிக்கிறது, நெஞ்சு எழுந்துபோய்த் திறக்கமாட்டேன் என்கிறது. மாத்திரை அதன் சட்டையைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறது. மத்தளம் இல்லாத பயம். மத்தளம் இல்லையென்றால் அது பயம்தானா? அவருக்கு இது புதிதில்லை, பதின்மூன்று மாதமாக இப்படித்தான் இருந்திருக்கிறது, கவனிக்கவில்லை. கொத்தனாரிடம் டீ என்று சொன்னபோதும் இதுதான். கடையில் அட்டையை வைத்தபோதும் கை நடுங்கவில்லையே, இல்லை, அன்றைக்கு எழுபத்தாறு, அன்றைக்கு நடுங்கியது. அன்றைக்குப் பேச முடியவில்லை, இன்றைக்கு முடிந்தது. அட. "என்ன அய்யா, சின்னப் பசங்கள்லாம் நூத்திப் பத்துல கத்துறாங்க, நீங்க கோயில்ல உக்காந்த மாதிரி இருக்கீங்க?" என்றாள் சிஸ்டர். அவர் நொடிக் கணக்கில் முந்நூற்று எழுபதில் இருந்தார். முந்நூற்றுத் தொண்ணூறில் குழாய் வெளியே வந்தது. ஆறரை நிமிஷம்.

டாக்டர் ரெஹானா கையுறையைக் கழற்றிக்கொண்டே எதிரே வந்து நின்றார். இந்திராணியை உள்ளே கூப்பிட்டார்கள், பையோடு வந்தாள், பிளாஸ்க் எதிலோ இடித்தது. டாக்டரம்மா சிரிக்கிறாரா? அவர் எப்போதும் கொஞ்சம் சிரித்த முகம்தான், அதை வைத்து ஒன்றும் எழுத முடியாது. "வளையம் போட்ட இடத்துல தழும்பு இருக்கு. அது இருக்கத்தான் செய்யும். புதுசா ஒண்ணும் புடைக்கல. அடியில மெல்லிசா ரெண்டு கோடு, காத்தை ஊதுனா அமுங்கிடுது. வளையம் வேண்டாம். அடுத்த வருசம் வாங்க, போதும்." இந்திராணி "மீனாட்சி" என்றாள், ஒரே சொல், அழுதுவிட்டாள். சோலையப்பன் தலையாட்டினார். தலையாட்டிவிட்டுப் போய்விடலாம், வழக்கம் போல. போகவில்லை. நோட்டை எடுத்தார், ஆடி மாதப் பக்கத்தைத் திறந்து மேசையில் வைத்தார், தடித்த நாக்கைப் புரட்டி, "பதினொரு நாள் தப்பு மாத்திரை சாப்டுட்டேன் டாக்டரம்மா" என்றார். சொல்ல ஆரம்பித்தால் சொல்ல வந்துவிடுகிறது. அட்டையை வெட்டியது, கம்பெனி மாறியது, கடிகாரத்துக்கு பேட்டரி போட்டது, நூற்றுப்பத்து எழுபது, எழுபத்தாறு. பாதியில் இந்திராணி, "திண்டுக்கல்லுக்கு என்னை விரட்டுனது இதுக்குத்தானா? கல்லுளிமங்கா!" என்றாள். டாக்டரம்மா முகம் மாறியது. எண்களின் மேல் விரலை வைத்துக் கீழே கீழே போனார். ஐம்பத்தெட்டு, ஐம்பத்தேழு, அறுபத்திரண்டு, அறுபத்தெட்டு, அங்கே நின்றார். எழுபத்தாறு, அங்கே கொஞ்சம் கூடுதலாக நின்றார். மறுபடி ஐம்பத்தெட்டு. "இதை யாரு கண்டுபிடிச்சா?" "நாந்தாங்க. எண்ணிக்கிட்டு இருந்தேன்." "நீங்க எண்ணாம இருந்திருந்தா அந்த மாத்திரையவே இன்னைக்கு வரைக்கும் முழுங்கிட்டு இருந்திருப்பீங்க. அது கை பிரஷருக்கு. இதுக்குப் பிரயோசனமில்ல." நோட்டை மூடி அவரிடம் நீட்டினார். "இன்னும் நாலு பேரு இப்படி எண்ணுனா எனக்குப் பாதி வேலை மிச்சம். இனிமே அட்டைய வெட்டித் தந்தா வாங்காதீங்க. முழுசா வாங்குங்க, பேரப் பாத்து." "சரிங்க." பிறகு அது வந்தது, நாக்கு நுனிக்கு, நின்ற இடத்தில் நிற்காமல், வெளியே. "அப்ப, ரோடு அடைச்சுக் கெடக்கு, வண்டியக் குறைச்சு விடுறீங்க. அதானேம்மா?" டாக்டரம்மா புருவத்தைத் தூக்கினார். அப்புறம் சத்தம் போட்டுச் சிரித்தார். "அதேதான். ரோடு இனிமே சரியாகாது அய்யா, அதையும் சொல்லிடறேன். வண்டி குறைச்சலாவே போகணும், ஆயுசுக்கும்." "போகட்டும்" என்றார் சோலையப்பன். "ஒரு சந்தேகம். பஸ்ல போலாமா?" "தாராளமா. போகக்கூடாதுன்னு யாரு சொன்னா?" அவர் கண்ணால் இந்திராணியைக் காட்டினார்.

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் வெயில் தகரத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. கார்க்காரருக்குப் போன் செய்ய எடுத்த கையை இந்திராணி கீழே இறக்கவே இல்லை, ஆட்டோவில் ஏறும்வரைக்கும் வாதாடினாள், வாளியையாவது எடுத்துக்கொள்வோம் என்றாள், வாளி காரிலேயே போய்விட்டது, நல்லதாயிற்று. பெரியகுளம் வண்டி, வத்தலக்குண்டு வழி, மூன்றாவது வரிசை, ஜன்னலோரம். டீசல் வாசனை. சீட்டுத் துணியின் வேர்வை வாசனை. பதின்மூன்று மாதமாக இதை மூக்கு மறக்கவில்லை. கஞ்சி தொண்டையில் இறங்கியது தெரிந்தது, மரத்திருந்தது விட்டுப்போய்த் தொண்டை மறுபடி தன்னுடையதாகிக்கொண்டிருந்தது, கொஞ்சம் கரகரப்பு, அவ்வளவுதான், அதற்குள் தழும்பும் மெல்லிசாக இரண்டு கோடும் இருக்கின்றன, இருக்கட்டும். வண்டி நிரம்பியது. 11.35 வண்டி. 11.35 ஆயிற்று. டிரைவர் கீழே நின்று யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். 11.36. சோலையப்பனின் விரல் தானாகவே கடிகாரக் கண்ணாடியைத் தட்டியது, ஒரு தட்டு, பழைய தட்டு. ஜன்னலுக்கு உள்ளே தட்டினால் யாருக்குத் தெரியும்? 11.37. டிரைவர் டீ கிளாஸை வாங்கினார். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை, ஐம்பத்திரண்டு பேர் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். யாராவது சொல்ல வேண்டாமா. நெஞ்சைத் தொட்டுப் பார்த்தார், மத்தளம் இல்லை. அவர் எழுந்தார், கம்பியைப் பிடித்துத் தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டினார், இன்று காலை கேமரா போய்வந்த தொண்டையைத் திறந்தார். "ஏப்பா! பதினொன்னு முப்பத்தஞ்சு வண்டி! மூணு நிமிசம் ஆச்சு, எடு!" பஸ் ஸ்டாண்டின் தகரத்தில் மோதி அது திரும்பி வந்தது. வண்டி முழுக்கத் திரும்பியது, அத்தனை கண்ணும், நின்றவர்களும் சேர்த்து. பின்னாலிருந்து ஒருவன், "அப்படிச் சொல்லு பெருசு!" என்றான். டிரைவர் டீயைக் கீழே ஊற்றிவிட்டு ஓடி வந்து ஏறினார். இந்திராணி வாயைப் பிளந்தபடி, "நீங்களா கத்துனது?" என்றாள். அவர் எண்ணிக்கொண்டிருந்தார். அறுபது. கத்தினதுக்கு இரண்டு கூடுதல். வண்டி குலுங்கிக் கிளம்பியது. நோட்டைத் திறந்து அதை எழுதினார். அதன் கீழே, கையெழுத்து ஆடாதபடி முழங்காலை இறுக்கிக்கொண்டு, 11.38, வண்டி புறப்பட்டது என்று எழுதினார்.